கொழிஞ்சாம்பாறையில் ஒரு பழைய மடிக்கணினி: எந்த லினக்ஸ் வழங்கலை நிறுவலாம்?

கொழிஞ்சாம்பாறை ஜெராக்ஸ் கடை:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் ஜெராக்ஸ், தட்டச்சு, ஆன்லைன் விண்ணப்பம் ஆகியவற்றுக்கான சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். வீட்டில் ஒரு மடிக்கணினி இருக்கிறது. நான்காம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் ஓடும் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை என்பதால் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

மகள் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. பள்ளிக் கணினி அறையில் விண்டோஸ் இல்லை, கைட் லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் இருக்கிறது. லினக்ஸ் பல வழங்கல்களாக, அதாவது வெவ்வேறு பெயர் கொண்ட தொகுப்புகளாகக் கிடைக்கிறதாம். "ஸ்கூல்ல இருக்கிற மாதிரியே வீட்டிலயும் வேணும்ப்பா" என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இணையத்தில் தேடினால் ஒருவர் உபுண்டு என்கிறார், ஒருவர் மின்ட் என்கிறார், மற்றொருவர் இரண்டும் குப்பை, ஆர்ச்தான் உயர்ந்தது என்கிறார். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் தட்டச்சு செய்ய வேண்டும். எதைப் போடுவது? அது சரியாக வந்தால் கடைக் கணினியையும் அதற்கே மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். அதுவும் விண்டோஸ் 10தான்.

பாறசாலை மாணவன்:

அண்ணா, ஃபெடோரா போடுங்கள். எல்லாவற்றிலும் புதிய பதிப்பு கிடைக்கும். நான் மூன்று ஆண்டுகளாக அதில்தான் இருக்கிறேன். ஆர்ச் பற்றிச் சொன்னவர் சொன்னதும் தவறில்லை, ஆனால் முதல் நாளே அதில் இறங்க வேண்டாம்.

செங்கோட்டை:

தம்பி சொல்லும் ஃபெடோரா நல்ல வழங்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதங்களே ஆதரவு உண்டு. அதற்குள் அடுத்த பதிப்புக்கு நகர்ந்தாக வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், வீட்டிலிருக்கும் ஒரே கணினியின் இயங்குதளத்தை மேம்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க யாருக்கு மனம் வரும்?

நான் டெபியன்காரன். 1993இல் தொடங்கிய வழங்கல். உபுண்டு 2004இல் அதன் மீது கட்டப்பட்டது, மின்ட் உபுண்டுவின் மீது கட்டப்பட்டது. ஆக, இங்கே பெயர் சொல்லப்படுகிறவற்றில் பாதி ஒரே குடும்பம். அண்ணன் தம்பிகளில் யார் உயர்ந்தவர் என்ற சண்டையில் புதியவர்கள் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. முன்பெல்லாம் டெபியனை நிறுவும்போது வைஃபைக்கான ஃபர்ம்வேரை, அதாவது அந்தச் சாதனத்தை இயக்கும் உள்மென்பொருளை, தனியாகத் தேடிப் போட வேண்டியிருந்தது. 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அது நிறுவியோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே டெபியனையும் பரிசீலியுங்கள் என்பதே என் கருத்து. இருந்தாலும், மகள் பள்ளியில் எதைப் பயன்படுத்துகிறாள் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதை அறிந்தவர் ஒருவர் இந்த இழையில் பேசினால் நல்லது.

வண்டிப்பெரியாறு டீச்சர்:

நான் இடுக்கி மாவட்டத்தில் தமிழ் வழிப் பள்ளி ஒன்றில் எஸ்ஐடிசி, அதாவது பள்ளி ஐடி ஒருங்கிணைப்பாளர், பொறுப்பில் இருக்கிறேன். பள்ளிக் கணினி அறை என் கையில்தான். எனவே நான் அன்றாடம் பார்ப்பதைச் சொல்கிறேன்.

கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கியது. 2017இல் அதுவே கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. தொடக்கத்தில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே இயங்குதளம் தயாரித்து வருகிறார்கள். எங்கள் பள்ளியில் உள்ள கைட் க்னு லினக்ஸ் 22.04 என்பது, பெயரே சொல்வதுபோல, உபுண்டு 22.04இன் மீது அமைந்தது. அதைப் பள்ளிக்கு வெளியே யாரும் பதிவிறக்கி நிறுவிக்கொள்ளலாம். உரிமம் பற்றி அஞ்ச வேண்டாம்.

உங்கள் மகள் கேட்பது பெரும்பாலும் இயங்குதளத்தை அன்று. அதற்குள் இருக்கும் மென்பொருட்களைத்தான். ஐசிடி (கணினி) பாடத்தில் வரும் லிப்ரே ஆஃபிஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஜியோஜிப்ரா, பைத்தான், க்யூஜிஐஎஸ் ஆகிய அனைத்தும் மின்ட்டிலும் உபுண்டுவிலும் டெபியனிலும் கிடைக்கும். கைட்டில் அவை முன்கூட்டியே போடப்பட்டு, பாடத்துக்குத் தேவையான கோப்புகளும் இடத்தில் இருக்கும். மற்றவற்றில் நீங்கள் ஒரு மாலை நேரம் செலவழித்துப் போட வேண்டும். செய்முறைத் தேர்வில் ஜன்னல் எந்த நிறத்தில் இருக்கிறது என்று யாரும் மதிப்பெண் போடுவதில்லை, ஆனால் பிள்ளைகளுக்குப் பழகிய இடத்தில் பழகிய பொத்தான் இருந்தால் கை நடுங்காது. இதை நான் ஆண்டுதோறும் காண்கிறேன்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். உபுண்டு 22.04இன் வழக்கமான ஆதரவு 2027இல் முடிகிறது. பள்ளிகளில் நாங்கள் அடுத்த பதிப்புக்கு மாறிக்கொள்வோம். வீட்டில் அதைச் செய்ய வேண்டியவர் நீங்கள். மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04இன் மீது நிற்பதால் 2029 வரை ஓடும். மாணவர்களின் பெற்றோர் கேட்கும்போது நான் இப்படிச் சொல்வேன்: தேர்வு நெருங்கிவிட்டதென்றால் கைட், இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறதென்றால் மின்ட்.

கொழிஞ்சாம்பாறை ஜெராக்ஸ் கடை:

மிக்க நன்றி டீச்சர். மின்ட் என்றே முடிவு செய்கிறேன். அதிலும் திரையின் அமைப்பில் மூன்று விதம் இருக்கிறதே, சின்னமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ என்று? கடைக் கணினியைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

வேலந்தாவளம் மண்டி:

கடைக் கணினியைத் தொடாதீர்கள் ஐயா. நான் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்தே எழுதுகிறேன். சென்ற ஆண்டு ஆர்வக் கோளாறில் மண்டிக் கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே மின்ட்டை நிறுவினேன். நிறுவுவதில் ஒரு சிக்கலும் வரவில்லை. மறுநாள் விண்டோஸைத் திறந்து வழக்கம்போல் பில் போட்டேன். எங்களுக்கு வியாபாரம் விடியற்காலையில்தான். நான்கரை மணிக்கு வந்த தக்காளி வண்டிக்கும் ஐந்து மணிக்கு வந்த வெண்டைக்காய்க்கும் போட்ட பில்லில் முந்தைய நாள் தேதி விழுந்திருக்கிறது. ஆறு மணிக்கு மேல் போட்டதில் மட்டும் தேதி சரியாக இருந்தது. மாலையில் கணக்கை நேர் செய்ய உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பதினோரு பில், பதினோரு பேரிடமும் போய் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

காரணம் இதுதான்: லினக்ஸ், தாய்ப்பலகையில் உள்ள கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதே கடிகாரத்தில் இருப்பதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நமக்கும் பொது நேரத்துக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் என்பதால் விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும். விடியற்காலை ஐந்தரைக்கு முன்னால் எழுதுகிறவனுக்குத் தேதியே மாறிவிடும். லினக்ஸிலேயே கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லும் ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்த பிறகு இன்றுவரை பிரச்சினை இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்கிற எல்லோரும் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

செங்கோட்டை:

மண்டிக்காரர் சொன்னதில் கடிகாரம் சிறிய செய்தி, "கடைக் கணினியைத் தொடாதீர்கள்" என்பதுதான் பெரியது. காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆன்லைன் விண்ணப்பக் கடைகளில் கைரேகைக் கருவி இருக்கும். அதற்கான சேவை மென்பொருளைத் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்குமே தருகிறார்கள். கணக்கு மென்பொருளும் பெரும்பாலும் விண்டோஸ்தான். லேசர் பிரிண்டர் பழையதாக இருந்தால் லினக்ஸ் டிரைவர் கிடைப்பது அந்த மாடலைப் பொறுத்தது. இந்த மூன்றில் ஒன்று நின்றாலும் அன்றைய வரும்படி நின்றுவிடும். ஆகவே கடையில் என்னென்ன சாதனம், என்னென்ன மென்பொருள் என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் விடை கிடைத்த பிறகு முடிவு செய்யுங்கள். அதுவரை விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பில் பதிவு செய்துகொள்ளும் வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மடிக்கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ. 4 ஜிபியில் சின்னமனும் ஓடும், ஆனால் பிரவுசரில் ஆறு ஜன்னல் திறந்ததும் மூச்சு வாங்கும். உண்மையில் உங்கள் கணினியைத் தாமதப்படுத்துவது செயலி அன்று, சுழலும் ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதில் சுழலும் பகுதியே இல்லாத 240 ஜிபி எஸ்எஸ்டி வட்டும், முடிந்தால் இன்னொரு 4 ஜிபி ரேமும் போட்டீர்களானால் எந்த வழங்கல் என்ற கேள்வியே பாதி கரைந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டு வைத்துவிடுங்கள். அதுவே உங்கள் காப்பு நகல்.

நகரி விசைத்தறி:

பழைய டிஸ்க்கைக் கழற்றி வைக்கச் சொன்னாரே பெரியவர், அந்த ஒரு வரியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் ஆந்திர எல்லையில் நகரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கணினியில் ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டியும் ஒரு 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே இருந்தன. நிறுவியில் "வட்டை முழுவதும் அழித்து நிறுவு" என்பதைத் தேர்ந்தெடுத்தேன். எந்த வட்டு என்று கேட்டது. பெயர்கள் மட்டும் கண்ணில் பட்டன, ஒன்றில் "எஸ்டிஏ", அடுத்ததில் "எஸ்டிபி". முதலில் இருப்பதுதான் எஸ்எஸ்டியாக இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். பக்கத்திலேயே அளவு எழுதியிருந்தது; 500 என்ற எண்ணை நான் படிக்கவில்லை. அப்பா காலத்திலிருந்து சேர்த்த சேலைக் கரை வடிவங்கள் ஆறு ஆண்டுக்கு உரியவை போய்விட்டன. மீட்பு மென்பொருளால் கால்வாசி திரும்பக் கிடைத்தது, அதிலும் கோப்புப் பெயர்கள் இல்லை.

நிறுவும்போது அழிக்கக் கூடாத வட்டு கணினிக்குள்ளேயே இருக்கக் கூடாது. திருகாணி இரண்டு, ஐந்து நிமிட வேலை.

பாறசாலை மாணவன்:

கழற்ற முடியாதவர்கள் பயாஸில், அதாவது இயங்குதளத்துக்கு முன் வரும் அமைப்புத் திரையில், அந்த வட்டை முடக்கி வைக்கலாம், அண்ணா. சில கணினிகளில் அந்த வசதி உண்டு.

வண்டிப்பெரியாறு டீச்சர்:

நிறுவும் முறையை எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

மின்ட்டை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு ஏறத்தாழ மூன்று ஜிபி இருக்கும். மலைப்பகுதியில் இணைப்பு அறுந்து அறுந்து வரும். பாதியில் நின்று தொடர்ந்த கோப்பு பார்க்க முழுமையாகத் தோன்றினாலும் உள்ளே பழுதாக இருக்கலாம். அதனால் பதிவிறக்கப் பக்கத்தில் கொடுத்திருக்கும் ஷா 256 என்ற சரிபார்ப்பு எண்ணோடு உங்கள் கோப்பின் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டு, அறுபது விழுக்காட்டில் நின்றுவிடும் நிறுவலை மூன்று முறை திரும்பத் திரும்ப முயன்று ஒரு சனிக்கிழமையை இழந்தேன்.

பிறகு 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் மூலம் எழுதுங்கள். கோப்பை அப்படியே நகலெடுத்தால் பூட் ஆகாது. பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். கணினியை இயக்கியதும் எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் இவற்றில் ஒன்று பூட் பட்டியலைத் திறக்கும். எது என்பது தயாரிப்பைப் பொறுத்தது. செக்யூர் பூட் என்ற, கணினி தொடங்கும்போது இயங்கும் பாதுகாப்பு வசதியை அணைக்கச் சொல்லிப் பழைய காணொளிகள் கூறும்; மின்ட்டுக்கு அது தேவையில்லை. விண்டோஸ் 11 உள்ள புதிய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம், ஏனென்றால் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பென் டிரைவிலிருந்து முழு மின்ட்டும் வரும், வட்டில் எதையும் எழுதாமல். இந்த நிலையில் அவசரப்படாதீர்கள். நான் பிள்ளைகளை அரை மணி நேரம் இதிலேயே உட்கார வைப்பேன். வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா, பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா என்று பாருங்கள். சில பழைய மடிக்கணினிகளில் உள்ள பிராட்காம் வைஃபைக்குத் தனி டிரைவர் வேண்டும். அதைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்று ஒரு சுழல் வரும். கைபேசியைக் கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை (கைபேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் வசதி) இயக்கினால் அந்தச் சுழல் அறுந்துவிடும்.

இதெல்லாம் சரியென்றால்தான் திரையிலுள்ள நிறுவும் சின்னத்தை அழுத்த வேண்டும். புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் இல்லாததால் முழு வட்டையும் கொடுத்துவிடலாம். இரண்டையும் வைத்துக்கொள்பவர்கள் முதலில் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் விண்டோஸ் முழுவதுமாக நிற்காமல் அரைத் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸிலிருந்து அதன் கோப்புகளைப் படிக்க முடிந்தாலும் எழுத முடியாது. நிறுவும்போது மின்கம்பியைச் செருகியே வையுங்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் போவதற்கு நேரம் காலம் கிடையாது. முடிந்ததும் டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளைத் திறந்து ஒரு நிலைப்படம், அதாவது இயங்குதளத்தின் அப்போதைய நிலையின் நகல், எடுத்துக்கொள்ளுங்கள். மகள் எதையாவது கலைத்துவிட்டாலும் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம்.

கொழிஞ்சாம்பாறை ஜெராக்ஸ் கடை:

தட்டச்சைப் பற்றி ஒரு சந்தேகம் டீச்சர். நான் பழைய தட்டச்சுப் பொறியில் பழகியவன், அந்த விசை வரிசைதான் கைக்கு வரும். கடையிலுள்ள பழைய விண்ணப்ப மாதிரிகள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கின்றன. அவை லினக்ஸில் திறக்குமா?

செங்கோட்டை:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழுக்குத் தட்டச்சுப் பொறி வரிசை, தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு என்று பலவும் கிடைக்கும். உங்களுக்குப் பழகியது அதிலேயே இருக்கிறது. பழைய எழுத்துருக் கோப்புகள் திறக்கும், ஆனால் அந்த எழுத்துருவை உங்கள் எழுத்துரு அடைவில் நகலெடுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். எழுத்துரு இருந்தாலும் யூனிகோடு விசைப்பலகையால் அவற்றைத் திருத்த முடியாது. ஆகவே அடிக்கடி பயன்படும் பத்து மாதிரிகளை மட்டும் எழுத்துரு மாற்றி மென்பொருளால் யூனிகோடுக்குக் கொண்டுவந்து, ஒற்றெழுத்துகளை ஒருமுறை கண்ணால் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துரு பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெபியன், உபுண்டு களஞ்சியங்களில் மீரா இனிமை என்று ஒரு தமிழ் எழுத்துரு இருக்கிறது. அதை உருவாக்கியவர்கள் சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர், அதாவது கேரளத்தவர். அவர்களுடைய மலையாள எழுத்துருவான மீராவின் உடன்பிறப்பு அது. தமிழும் மலையாளமும் ஒரே பக்கத்தில் வரும் அறிவிப்புகளுக்கு இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

நகரி விசைத்தறி:

தெலுங்குக்கும் இதே ஐபஸ்தான். எங்கள் கடையில் மூன்று மொழியையும் விசை ஒன்றைத் தட்டி மாற்றிக்கொள்கிறோம்.

கொழிஞ்சாம்பாறை ஜெராக்ஸ் கடை:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ நிறுவினேன். நிறுவல் இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு முந்தைய சோதனைக்குத்தான் இரண்டு மணி நேரம் பிடித்தது. வைஃபை உடனே வந்தது. மூடியை மூடித் திறந்தால் இரண்டு முறைக்கு ஒரு முறை ஒலி வருவதில்லை, மறுபடி தொடங்கினால் வருகிறது. ஜியோஜிப்ராவும் இங்க்ஸ்கேப்பும் மகளே போட்டுக்கொண்டாள். கடைக் கணினிக்குச் செங்கோட்டைப் பெரியவர் சொன்ன தாளை எழுதிப் பார்த்தேன். கைரேகைக் கருவி, பிரிண்டர் இரண்டுக்கும் எதிரே கேள்விக்குறிதான் விழுந்தது. அதை விட்டுவிட்டேன்.

நான் தட்டச்சுப் பொறி வரிசையில் அடிக்கிறேன், மகள் இன்ஸ்கிரிப்ட்டில் அடிக்கிறாள். நேற்று அவள் தமிழில் ஒரு கட்டுரை அடித்துவிட்டு, மொழியை மட்டும் மாற்றிக்கொண்டு, கையை நகர்த்தாமல் மலையாளத்திலும் அடித்தாள். இது எப்படி?

வண்டிப்பெரியாறு டீச்சர்:

இன்ஸ்கிரிப்ட் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே அடுக்கில் அமைந்தது. ககரம் எந்த மொழியிலும் ஆங்கில "கே" விசையில்தான் இருக்கும். ஷிஃப்ட்டோடு "பி" (B) விசையை அழுத்திப் பாருங்கள். தமிழில் வைத்திருந்தால் நம்முடைய ழகரம் வரும், மலையாளத்தில் வைத்திருந்தால் அவர்களுடைய ழகரம் வரும். ஒலிச் சிக்கலுக்கு, புதுப்பிப்பு மேலாளரைத் திறந்து பட்டியலில் புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) இருந்தால் அதற்கு மாறிப் பாருங்கள். மாறுவதற்கு முன் டைம்ஷிஃப்ட்டில் ஒரு நிலைப்படம்.

கொழிஞ்சாம்பாறை ஜெராக்ஸ் கடை:

கெர்னல் மாற்றிவிட்டேன் டீச்சர். இன்று காலையிலிருந்து ஏழு முறை மூடித் திறந்து பார்த்தேன், ஏழு முறையும் ஒலி வந்தது.